பெங்களூரிலிருந்து ஆய்க்குடிக்குச் சைக்கிளில்: மாற்றுத்திறனாளிகளுக்காக நெடும்பயணம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் சைக்கிள் ஓட்டும் தமிழர்களுக்குப் பஞ்சமே இல்லை. எலக்ட்ரானிக் சிட்டியிலும் அல்சூரிலும் குழுக் குழுவாக இருக்கிறார்கள். ஞாயிறு விடியற்காலையில் நந்தி மலைக்குப் போகிறார்கள், ஓசூர் வரை போய்த் திரும்புகிறார்கள். கொஞ்ச நாளில் அவர்களில் பலருக்கும் ஓர் எண்ணம் வருகிறது: மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் ஓர் அமைப்புக்கு நிதி திரட்டிக்கொண்டு, ஊர்ப்பக்கம் வரை சைக்கிளிலேயே போனால் என்ன? நல்ல எண்ணம்தான். அதை எங்கிருந்து தொடங்கி எப்படி முடிப்பது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரு பாதையை வைத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஆய்க்குடி வரை, ஏறக்குறைய 600 கிலோமீட்டர். இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1975-ல் எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், கடற்படை அதிகாரிக்கான தேர்வில் கலந்துகொள்ள பெங்களூருக்கு வந்தார். தேர்வின்போது கீழே விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் தன் சொந்த ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி, வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளைச் சிறுவயதிலேயே கண்டறிந்து சொந்த கிராமத்திலேயே பயிற்சி தருவது என்று அங்கே நடக்கும் வேலை பெரியது. பெங்களூரிலிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேர்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

வெளியூர் போக முடியாதவர்கள் பெங்களூரிலேயே இருக்கும் அமைப்புகளுக்காக ஓட்டலாம். 1959-ல் தொடங்கிய ஏ.பி.டி. (அசோசியேஷன் ஆஃப் பீப்பிள் வித் டிஸபிலிட்டி), செயற்கைக் கால்களும் தாங்கிகளும் செய்து தரும் மொபிலிட்டி இந்தியா, பார்வையற்றவர்களுக்காகத் தொடங்கி இன்று பல வகை மாற்றுத்திறனாளிகளுக்கும் வேலை செய்யும் சமர்த்தனம் ஆகியவை இந்த நகரத்திலேயே இருக்கின்றன.

முதலில் அமைப்பிடம் பேசுங்கள்

பெரும்பாலான குழுக்கள் முதலில் தேதியைக் குறிக்கின்றன, அப்புறம் ஜெர்ஸி அடிக்கின்றன, கடைசியில்தான் யாருக்குப் பணம் கொடுப்பது என்று தேடுகின்றன. தயவுசெய்து இதைத் தலைகீழாக மாற்றுங்கள். குறைந்தது 6 மாதம் முன்பே அமைப்புக்கு எழுதுங்கள், முடிந்தால் ஒரு முறை நேரில் போங்கள். "நாங்கள் சக்கர நாற்காலி வாங்கித் தருகிறோம்" என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு சிகிச்சையாளரின் ஓராண்டுச் சம்பளமாக இருக்கலாம், குழந்தைகளைக் கூட்டிவரும் வேனுக்கு டீசலாக இருக்கலாம். சக்கர நாற்காலி என்பது ஆளுக்குத் தக்க அளவெடுத்துச் செய்ய வேண்டிய பொருள். ஒரே அளவில் மொத்தமாக வாங்கிக் கொடுத்தால் உட்காருபவருக்குப் புண்தான் வரும். புகைப்படத்தில் நன்றாக விழும் உதவியையே எல்லோரும் செய்தால், விழாத தேவைகள் அப்படியே நின்றுவிடும். இலக்கை அவர்கள் சொல்லட்டும்.

வரவேற்பு பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். பள்ளி நேரத்தில் குழந்தைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி நமக்கு மாலை போடச் சொல்வது நம் பயணத்துக்கு அழகல்ல. யாரையாவது படம் எடுப்பதானால் அவர்களிடமே அனுமதி கேட்க வேண்டும். குழந்தை என்றால் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். இதையெல்லாம் குழுவில் எழுதி வைத்து, எல்லோரும் படித்துச் சரி என்ற பிறகே மேற்கொண்டு போங்கள்.

உடன் ஓட்டுபவர்கள்

என்னைப் பொறுத்தவரை இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான பயணத்தில் மாற்றுத்திறனாளி ஒருவர்கூடச் சைக்கிள் மேல் இல்லை என்றால், அந்தக் குழு இன்னும் கொஞ்சம் ஆள் தேட வேண்டும். ஓட்ட விரும்புபவர்கள் இருக்கிறார்கள். விபத்தில் காலை இழந்த ஹைதராபாத்தின் ஆதித்யா மேத்தா 2013-ல் ஆசிய பாரா சைக்கிள் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். புனேயைச் சேர்ந்த, பார்வையற்ற திவ்யான்ஷு கணாத்ரா தொடங்கிய அமைப்பு மணாலியிலிருந்து லடாக்கின் கர்துங் லா கணவாய் வரை, இருவர் சேர்ந்து மிதிக்கும் இரட்டைச் சைக்கிள் பயணங்கள் நடத்தியிருக்கிறது. அந்த மலைப் பாதையோடு ஒப்பிட்டால் ஆய்க்குடிச் சாலை எளிது.

பார்வையற்றவரோடு ஓட்ட டேண்டம் எனப்படும் இரட்டைச் சைக்கிள் வேண்டும். முன்னால் இருப்பவர் கேப்டன். ஹேண்டிலும் பிரேக்கும் அவர் கையில். பின்னால் இருப்பவர் மிதிக்கும் பாதிப் பலம். கிளம்பும்போது கேப்டன் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பின்னால் இருப்பவர் ஏறி உட்கார்ந்து பெடலில் கால் வைத்து "ரெடி" சொன்ன பிறகே நகர வேண்டும். ஓடும்போது கேப்டன் வாய் ஓயவே கூடாது. "குழி", "ஸ்பீட் பிரேக்கர்", "மிதிக்காதே", "கியர் மாத்துறேன்", "வலது பக்கம் சாயுறோம்" என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் ஏறி இறங்கும் ஒவ்வொரு வேகத்தடையும் பின்னால் இருப்பவரின் முதுகில் விழும் அடி. வழியில் தெரிவதையும் சொல்லிக்கொண்டு போங்கள். மாந்தோப்பு, மலை, சந்தை என்று அவருக்கும் அந்தப் பாதை சொந்தமாகட்டும். பழகுவதற்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் நுழையாத கப்பன் பூங்காச் சாலைகள் நல்ல இடம். அங்கே சில வாரம் பழகாத ஜோடியை நெடுஞ்சாலைக்கு அனுப்பாதீர்கள்.

செயற்கைக் காலோடு ஓட்டுபவருக்கு வியர்வைதான் பகை. உறைக்குள் வியர்வை தேங்கினால் தோல் உரியும். ஆகையால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காலைக் கழற்றித் துடைத்து உலர்த்த நிழலும் நேரமும் தர வேண்டும். காது கேளாதவர் ஓட்டினால் ஹேண்டிலில் பின்பார்வைக் கண்ணாடி பொருத்துங்கள். "கார் வருது" என்று பின்னாலிருந்து கத்தும் பழக்கத்தை விட்டு, முன்னால் போகிறவர் கையால் சைகை காட்டும் முறைக்கு முழுக் குழுவும் மாறட்டும்.

முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் கையால் சுற்றி ஓட்டும் ஹேண்ட்சைக்கிளில் வரலாம். அது தரையோடு தாழ்ந்து இருப்பதால் லாரி ஓட்டுநர் கண்ணில் படாது. உயரக் கம்பில் கொடி கட்டாமல் எடுக்கவே கூடாது. பாதிப்பு மேல்பகுதியில் இருந்தால் அதற்குக் கீழே உடம்பு வியர்க்காது, சூடு உள்ளேயே தங்கும். ஈரத் துணியும் தண்ணீர் தெளிப்பானும் கூடவே வர வேண்டும், வெயில் ஏறுவதற்கு முன் அவர் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். ஒரே நிலையில் உட்கார்ந்தால் அழுத்தப் புண் வரும், அதனால் அவ்வப்போது உடம்பைத் தூக்கி இறக்க நிறுத்தங்கள் வேண்டும். மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் யாரையும் சேர்க்காதீர்கள். அதே நேரம், "உங்களால் முடியாது" என்று நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம். முழுத் தூரமும் எல்லோரும் ஓட்டியாக வேண்டும் என்றும் இல்லை. தினம் 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மீதியை வண்டியில் வருபவரும் குழுவில் ஒருவர்தான்.

தங்கும் அறைகளை நேரில் பார்க்காமல், அல்லது வீடியோவில் காட்டச் சொல்லாமல் பதிவு செய்யாதீர்கள். "லிஃப்ட் இருக்கு சார்" என்பார்கள். வாசலில் நாலு படி இருக்கும், கழிவறைக் கதவு சக்கர நாற்காலியைவிடக் குறுகலாக இருக்கும். கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

பணம்

ஒரே ஒரு விதி போதும்: பயணச் செலவு ஓட்டுபவர் பையிலிருந்து, நன்கொடை முழுவதும் அமைப்புக்கு. அறை, சாப்பாடு, வண்டி வாடகை, ஜெர்ஸி எல்லாவற்றுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி ஓட்டுநர்களின் செலவையும் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் அதைச் சத்தம் போடாமல் செய்யுங்கள்.

நன்கொடையை உங்கள் கூகுள் பே கணக்கில் வாங்கவே வேண்டாம். அமைப்பின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போகட்டும். அவர்களிடம் கேட்டு, உங்கள் பயணத்துக்கென்று ஒரு குறிப்புச் சொல்லையோ தனி இணைப்பையோ வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு சேர்ந்தது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கூட்டு நிதித் தளங்கள் வழியாகத் திரட்டினால், அவர்கள் எவ்வளவு கழிவு எடுக்கிறார்கள் என்று முதலிலேயே பாருங்கள்.

வரிச்சலுகை பற்றி எல்லோரும் கேட்பார்கள். 80ஜி பதிவுள்ள அமைப்பாக இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. நன்கொடையாளரின் பான் எண் அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தால்தான் சான்றிதழ் வரும்.

வெளிநாட்டு உறவினர்கள் விஷயத்தில் கவனம் தேவை. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர்கள், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார்கள். அவர்களின் பணம் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவுள்ள அமைப்புக்கு, அதற்கென்று டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். இதில் குழப்பினால் சிக்கல் உங்களுக்கு வராது, அமைப்பின் உரிமத்துக்கே வரும்.

ஐ.டி. கம்பெனியில் இருப்பவர்கள் எச்.ஆர்.-இடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: ஊழியர் கொடுக்கும் நன்கொடைக்குச் சமமான தொகையைக் கம்பெனியும் போடுமா? பல இடங்களில் போடுகிறார்கள். பெரும்பாலும் அமைப்பு முன்பே அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும், அந்த வேலைக்குச் சில வாரம் பிடிக்கும்.

உடம்பும் சைக்கிளும்

12 வாரம் ஒதுக்குங்கள். வாரத்தில் 3 நாள் 20 கிலோமீட்டரில் ஆரம்பித்து, வாரக் கடைசி ஓட்டத்தை 40, 60, 80 என்று ஏற்றுங்கள். கடைசி மாதம் சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து நீண்ட தூரம் ஓட்டிப் பழகுங்கள். 100 கிலோமீட்டரை ஒரு நாள் ஓட்டுவது வேறு, மறுநாள் காலை எழுந்து அதே வலியோடு மறுபடி ஏறி உட்காருவது வேறு. பெங்களூர்க்காரர்கள் இன்னொன்றையும் செய்தாக வேண்டும். இங்கே நாம் 900 மீட்டர் உயரத்தில், இதமான காற்றில் ஓட்டுகிறோம். கிருஷ்ணகிரி இறங்கியதும் வெயில் வேறு மாதிரி. பயணத்துக்கு முன் ஒரு முறையாவது கிருஷ்ணகிரி வரை போய் அந்தச் சூட்டில் ஓட்டிப் பாருங்கள்.

சைக்கிள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. கியர் உள்ள சாதாரண ஹைப்ரிட் போதும். சீட் உயரத்தை மட்டும் தெரிந்தவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். பஞ்சு வைத்த சைக்கிள் டிராயருக்குள் வேறு உள்ளாடை போடாதீர்கள், உரசும் இடங்களில் வாஸ்லின் தடவுங்கள். ஆளுக்கு 2 டியூப், பஞ்சர் பசை, டயர் லீவர், பம்ப், முன்னும் பின்னும் விளக்கு. ஹெல்மெட் இல்லாதவரை கிளம்ப விடாதீர்கள்.

பின்தொடர ஒரு டெம்போ டிராவலர் அவசியம். கர்நாடகப் பதிவு வாடகை வண்டி என்றால் தமிழ்நாட்டு பெர்மிட் எடுத்தாயிற்றா என்று முந்தின நாளே ஓட்டுநரிடம் கேளுங்கள். இல்லையென்றால் ஓசூர் எல்லையிலேயே பாதிக் காலை போய்விடும்.

பாதையும் பருவமும்

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை கிளம்புவது நல்லது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்காசிச் சாரல் மனதுக்கு இனிமையானதுதான், ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று சைக்கிளைத் தள்ளிவிடும். அந்தப் பக்கத்தில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

7 நாள் வைத்துக்கொண்டால் புதியவர்களுக்கும் சிரமமில்லை. முதல் நாள் கிருஷ்ணகிரி, 2-ம் நாள் தருமபுரி வழியாகச் சேலம், 3-ம் நாள் நாமக்கல் தாண்டிக் கரூர், 4-ம் நாள் திண்டுக்கல், 5-ம் நாள் மதுரையைக் கடந்து திருமங்கலம், 6-ம் நாள் ராஜபாளையம், 7-ம் நாள் மதியத்துக்குள் ஆய்க்குடி. நீளமான நாள் 2-ம் நாள்தான், 110 கிலோமீட்டரைத் தாண்டும். மற்றவை அதற்குள் அடங்கும். திருமங்கலம் வரை தேசிய நெடுஞ்சாலை 44 ஒரே கோடாகப் போகிறது. அங்கே பிரிந்து 744-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திரும்ப வேண்டும்.

2-ம் நாளில் தொப்பூர் கணவாய் வருகிறது. இறக்கம்தானே என்று நினைக்காதீர்கள். பிரேக் பிடிக்காத லாரிகளால் அடிக்கடி விபத்து நடக்கும் இடம் அது. விடிந்த பிறகே, போக்குவரத்து குறைந்த நேரமாகப் பார்த்து, இடைவெளி விட்டு ஒவ்வொருவராக இறங்குங்கள். டேண்டம் கனமானது, இறக்கத்தில் வேகம் பிடித்துக்கொள்ளும், விடாமல் அழுத்தினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். விட்டுவிட்டு அழுத்துங்கள், நடுவில் ஓரம் கட்டி ஆற விடுங்கள். ஹேண்ட்சைக்கிளை அந்தப் பகுதியில் வண்டியில் ஏற்றிவிடுவதே என் யோசனை.

744-ல் சாலை 44 போல் எல்லா இடத்திலும் அகலமாக இருக்கும் என்று எண்ணாதீர்கள். பஸ்கள் மிக அருகில் கடந்துபோகும், ஒற்றை வரிசையில் போங்கள். ஆனால் இந்தப் பயணத்தின் அழகான பகுதியும் இதுதான். வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று ஊர்கள் அடுத்தடுத்து வருவதால் தண்ணீருக்கும் டீக்கும் கவலை இல்லை.

தைப்பூச நேரத்தில் போனால் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரத்தில் இருக்கும். இருட்டில் ஓட்டாதீர்கள், மணி அடித்து மெதுவாகக் கடந்து போங்கள்.

மைசூர் வழியாகவோ வேறு பாதையிலோ போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையின் முதன்மைத் தடங்களில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குக்கும் அனுமதி இல்லை, சைக்கிளுக்கும் இல்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

சாலையில் ஒரு நாள்

5 மணிக்கு எழுந்து, வெளிச்சம் வந்ததும் கிளம்பி, 11 மணிக்குள் பெரும்பகுதியை முடியுங்கள். மதியம் ஓய்வு, மிச்சம் இருந்தால் 3:30-க்கு மேல். இருட்டினால் எல்லோரும் வண்டியில் ஏறிவிட வேண்டும், இதில் விவாதமே வேண்டாம். வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம் ஓட்டுங்கள். அங்கே இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, எதிர்த்திசையில் வரும் பைக். இன்னொன்று, வெடித்த லாரி டயர்களிலிருந்து சிதறிய மெல்லிய கம்பித் துணுக்குகள். அவை டயருக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். பஞ்சர் ஒட்டும்போது டயரின் உள்பக்கத்தை விரலால் தடவிக் கம்பியை எடுக்காமல் புது டியூப் போட்டால் 5 நிமிடத்தில் அதுவும் போய்விடும். மேம்பாலம் வரும்போது சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிடுங்கள். பாலத்தின் மேல் ஒதுங்க இடம் இருக்காது.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதீர்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், நடுவில் ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட மோர். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். காலையில் இட்லி, ஓட்டம் முடிந்த பிறகு சோறு. திண்டுக்கல் பிரியாணியை இரவுக்கு வையுங்கள். விபத்து என்றால் 108, நெடுஞ்சாலை உதவிக்கு 1033. இந்த இரண்டு எண்ணும் ஒவ்வொருவர் ஹேண்டிலிலும் ஒட்டியிருக்கட்டும், கூடவே ரத்த வகையும் வீட்டு எண்ணும்.

குழுவின் வேகம் கடைசியில் வருபவரின் வேகம். அனுபவம் உள்ள ஒருவர் எப்போதும் கடைசியில் வர வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு

ஆய்க்குடியில் ஒரு நாள் தங்குங்கள். குளித்து, சாப்பிட்டு, மறுநாள் காலை பயிற்சிக்கூடத்தையும் பள்ளியையும் பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள். அங்கே வேலை செய்பவர்களிடம் அடுத்த ஆண்டு என்ன தேவைப்படும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திரும்பும்போது சைக்கிள்களை வந்த வண்டியிலேயே ஏற்றலாம். ரயிலில் பார்சலாக அனுப்புவதானால் பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, சங்கிலிப் பக்கத்தை அட்டை வைத்துக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்த 2 வாரத்துக்குள் கணக்கை அனுப்பிவிடுங்கள். அமைப்புக்கு நேரடியாகப் போன தொகை எவ்வளவு, கம்பெனி சேர்த்தது எவ்வளவு, ஓட்டியவர்கள் தங்கள் பையிலிருந்து செலவழித்தது எவ்வளவு என்று ஒரே பக்கத்தில். 100 ரூபாய் கொடுத்தவருக்கும் அதே பக்கம் போக வேண்டும். 6 மாதம் கழித்து, அந்தப் பணத்தில் என்ன வேலை நடந்தது என்று அமைப்பிடம் கேட்டு அதையும் எல்லோருக்கும் தெரிவியுங்கள். அந்தக் கடிதத்திலேயே அடுத்த பயணத்தின் மாதத்தையும், டேண்டத்தில் யாருக்கு இடம் இருக்கிறது என்பதையும் எழுதிவிடலாம்.